கம்பளி முஸல்லா: வாளியில் ஊற வைக்கும் முன் கொஞ்சம் கேளுங்கள்!

உங்கள் வீட்டு அலுமாரிக்கு மேலே பொலித்தீன் உறைக்குள் சுருட்டி வைத்த கம்பளி முஸல்லா ஒன்று இருக்கிறதா? வாப்பா ஹஜ்ஜுக்குப் போய்த் திரும்பும்போது கொண்டு வந்ததாக இருக்கலாம். சவூதியிலோ கத்தாரிலோ உழைக்கும் மகன் லீவில் வரும்போது உம்மாவுக்கென்று வாங்கி வந்ததாக இருக்கலாம். "நல்ல சாமான், பாவித்தால் பழுதாகிப் போகும்" என்று சொல்லி மேலே ஏற்றி வைத்திருப்பீர்கள். பெருநாளுக்கு முதல் நாள் ஆசையோடு இறக்கி விரித்துப் பார்த்தால் நடுவிலே காசளவு ஓட்டைகள்! கையை வைத்தால் கம்பளி கொத்துக் கொத்தாகக் கழன்று வருகிறது.

இன்னொரு வீட்டில் வேறு கதை. சிறு பிள்ளை முஸல்லாவின் ஒரு மூலையை நனைத்துவிட்டது. "நஜீஸ் பட்டுவிட்டதே!" என்று பதறிய தாய் முழு முஸல்லாவையும் வாளியில் போட்டு, சலவைத் தூளைக் கொட்டி, போதாததற்குக் குளோரினும் ஊற்றி, தும்பால் தேய்த்து, முறுக்கிப் பிழிந்து, உச்சி வெயிலில் கொடியில் போட்டார். மாலையில் பார்த்தால் சிவப்புச் சாயம் வெள்ளைப் பூக்களில் இறங்கியிருக்கிறது. ஓரங்கள் சுருண்டு, நீள்சதுரமாக இருந்த முஸல்லா கோணல்மாணலாகிவிட்டது.

முதல் வீட்டில் கவனியாமல் கெட்டது. இரண்டாவது வீட்டில் கழுவியே கெட்டது. இரண்டு தாய்மாரும் அதை நேசித்தவர்கள்தான். கம்பளியின் குணம் தெரியாததுதான் குறை. அந்தக் குணத்தைத் தெரிந்துகொண்டால், யாழ்ப்பாணத்து வீடொன்றில், கிணற்றுத் தண்ணீரையும் கொஞ்சம் ஷாம்புவையும் வைத்துக்கொண்டே ஒரு முஸல்லாவைப் பேரப்பிள்ளைகள் காலம் வரை காப்பாற்றிவிடலாம்.

நமக்கு இது ஏன் முக்கியம்?

1990 ஒக்டோபர் 30ஆம் திகதி யாழ்ப்பாணத்து முஸ்லிம்கள் விடுதலைப் புலிகளால் இரண்டே மணித்தியால அவகாசத்தில் வெளியேற்றப்பட்டார்கள். அந்த மாதத்தில் வடக்கு முழுவதிலுமிருந்து எழுபதாயிரத்துக்கும் மேற்பட்டோர் ஊரிழந்தனர். சோனகத் தெருவில் உம்மம்மாமார் பெட்டகங்களில் வைத்திருந்த பட்டும் பித்தளையும் பாயும் கம்பளமும் அப்படியே கிடந்தன. புத்தளத்துக் கிடுகுக் கொட்டில்களில், மணல் தரையில் ஓலைப்பாய் விரித்துத் தொழுத தலைமுறை அது.

2002இல் ஏ-9 பாதை திறந்தபோதும், 2009இல் போர் முடிந்த பின்னரும் திரும்பி வந்தவர்கள், கூரையில்லாத சுவர்களைத்தான் கண்டார்கள். பாட்டி வைத்துப்போன பொருள் என்று காட்ட இன்று பல வீடுகளில் ஒன்றுமில்லை. அதனால்தான் இப்போது உங்கள் கையிலிருக்கும் முஸல்லா வெறும் விரிப்பல்ல. அந்த வீட்டில் மறுபடி தொடங்கும் முதுசத்தின் முதல் பொருள் அதுவாகவே இருக்கலாம்.

கைவேலையா, மெஷின் வேலையா?

முதலில் இதைத் தெரிந்துகொள்ளுங்கள். மக்கா, மதீனாக் கடைகளில் வாங்கும் முஸல்லாக்களில் பெரும்பாலானவை மெஷினில் நெய்த செயற்கை நூல் விரிப்புகள். அவற்றைக் கழுவுவது இலகு. கையால் முடிச்சிட்ட கம்பளிக்குத்தான் இந்தப் பக்குவங்கள் எல்லாம் வேண்டும்.

கம்பளத்தைத் திருப்பி அடிப்பக்கத்தைப் பாருங்கள். கைவேலையில் மேலே உள்ள பூவேலை அடியிலும் அப்படியே தெரியும். முடிச்சுகள் தனித்தனியாக, கொஞ்சம் சிறிதும் பெரிதுமாக இருக்கும். ஓரத்துக் குஞ்சம் கம்பளத்தின் பாவு நூலே நீண்டு வந்ததாக இருக்கும். குஞ்சத்தைத் தனியே தைத்து ஒட்டியிருந்தால் பெரும்பாலும் அது மெஷின் வேலை.

கம்பளிதானா என்று அறிய, மேற்பக்கத்திலிருந்து ஓர் இழையை உருவி, பீங்கான் தட்டில் வைத்து நெருப்புக்குச்சியால் கொளுத்திப் பாருங்கள். கம்பளியானால் தலைமுடி கருகும் வாடை வரும். விரலால் நசுக்கினால் சாம்பல் பொடியாகும். செயற்கை நூலானால் உருகிக் கெட்டியான மணிபோல் உறையும்.

கைவேலை என்றால் எவ்வளவு உழைப்பு என்று ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். மூன்றடி அகலமும் ஐந்தடி நீளமும் கொண்ட விரிப்பில் 2,160 சதுர அங்குலம் இருக்கிறது. அங்குலத்துக்கு 100 முடிச்சு என்ற சாதாரண வேலையிலேயே 2 இலட்சத்து 16 ஆயிரம் முடிச்சுகள்! தேர்ந்த கைகாரர் ஒருவர் நாளொன்றுக்கு 8,000 முடிச்சுப் போட்டாலும் 27 நாட்கள் வேண்டும். காஷ்மீரத்து நுண்வேலையில் அங்குலத்துக்கு 324 முடிச்சும் உண்டு. அதே அளவுக்கு ஏறத்தாழ மூன்று மாதம். ஈரானிலும் துருக்கியிலும் ஆப்கானிஸ்தானிலும் இந்த முடிச்சுகளைப் போட்டவர்களில் பெரும்பாலோர் நம்மைப் போன்ற பெண்கள்தாம்.

கம்பளி என்பது முடி!

ஆட்டின் உரோமமும் உங்கள் தலைமுடியும் ஒரே இனம். இரண்டும் கெரட்டின் என்ற புரதத்தால் ஆனவை. இந்த ஒன்றை மனதில் வைத்துக்கொண்டால் பாதிச் சந்தேகங்கள் தீர்ந்துவிடும். உங்கள் தலைமுடிக்குச் செய்யாததைக் கம்பளிக்கும் செய்யாதீர்கள்.

தலைமுடியைச் சலவைத் தூளால் கழுவுவீர்களா? சாதாரண சலவைத் தூளிலும் சலவைச் சவர்க்காரத்திலும் காரத்தன்மை அதிகம். அது கம்பளி இழையை வறட்டி, முறியச் செய்யும். குளோரினோ அதைவிட மோசம். கம்பளியை அது கரைத்தே விடும். கொதிநீரும் கூடாது. கம்பளி இழையின்மேல் மீன் செதிள் போன்ற நுண்ணிய செதிள்கள் உண்டு. சூட்டில் நனைத்துத் தேய்த்தால் அவை ஒன்றோடொன்று கொளுவி இறுகி, விரிப்புச் சுருங்கிவிடும். பிறகு எவராலும் அதைப் பழையபடி ஆக்க முடியாது.

நம்மூர்த் தண்ணீரும் காற்றும்

யாழ்ப்பாணக் குடாநாடு சுண்ணாம்புக் கல்லின் மேல் இருக்கிறது. வற்றாத ஆறு ஒன்றும் நமக்கில்லை; கிணறுதான் கதி. அந்தத் தண்ணீர் கடினத் தண்ணீர். சவர்க்காரம் போட்டால் நுரை வராமல் வெள்ளைப் பிசுக்காகத் திரள்வதைத் தினமும் பார்க்கிறீர்கள் அல்லவா? அந்தப் பிசுக்குக் கம்பளியின் அடியில் ஒட்டிக்கொண்டால் எத்தனை முறை அலசினாலும் போகாது. காய்ந்த பிறகு புழுதியை இழுத்து வைத்துக்கொள்ளும். "கழுவிய பிறகுதான் கெதியாக அழுக்காகிறது" என்று சிலர் சொல்வதன் காரணம் இதுதான்.

ஆகவே சவர்க்காரத்தை விட்டுவிடுங்கள். குழந்தைகளுக்குப் போடும் மென்மையான ஷாம்பு போதும். பூந்திக்கொட்டை கிடைத்தால் அதுவும் மிக நல்லது. பத்துப் பன்னிரண்டு கொட்டைகளின் தோலை இரவில் ஊறப் போட்டு, காலையில் பிசைந்து வடித்த நீரைப் பாவிக்கலாம். இவை இரண்டும் கடினத் தண்ணீரில் பிசுக்காகத் திரள்வதில்லை. கடலுக்கு அண்மையில் உங்கள் கிணறு உவர்க் கிணறாக இருந்தால், கடைசி அலசலுக்கு மாரிகாலத்தில் பீப்பாயில் பிடித்து வைத்த மழைநீரைப் பாவியுங்கள்.

கழுவும் காலமும் முக்கியம். நமது மழையில் பெரும்பகுதி ஒக்டோபர் முதல் டிசம்பர் வரை பெய்துவிடுகிறது. அந்த மாதங்களில் கம்பளத்தை நனைக்கவே வேண்டாம். கம்பளி தன் எடையில் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கு ஈரத்தை, தொட்டால் ஈரம் தெரியாமலே வைத்துக்கொள்ளக் கூடியது. மேலே காய்ந்தது போலிருக்கும். அடியில் பருத்திப் பாவு நூல் உளுத்துக்கொண்டிருக்கும். மழை ஓய்ந்து வெயில் ஏறும் பெப்ரவரி, மார்ச் மாதங்கள் கழுவுவதற்குத் தோதானவை. சோழகம் வீசத் தொடங்கினால் புழுதி பறக்கும். அதற்கு முன் வேலையை முடித்துவிடுங்கள்.

அன்றாடம் செய்ய வேண்டியது

கம்பளத்தை உண்மையில் தின்பது மணல். கண்ணுக்குத் தெரியாத மணற்றுகள் இழைகளின் அடிக்கு இறங்கி, நாம் மிதிக்கும்போதெல்லாம் கத்திபோல் அவற்றை அறுக்கின்றன. எனவே தூசு தட்டுவதே முதல் வைத்தியம்.

வாரம் ஒரு முறை கம்பளத்தை விறாந்தையில் குப்புறப் போட்டு, அடிப்பக்கத்தை உள்ளங்கையால் அல்லது தட்டையான மட்டையால் மெதுவாகத் தட்டுங்கள். பிறகு தூக்கிப் பாருங்கள். தரையில் விழுந்திருக்கும் மணலைப் பார்த்து நீங்களே அதிசயிப்பீர்கள்! பெருக்கிவிட்டு மறுபடி தட்டுங்கள். மணல் விழாமல் நிற்கும் வரை செய்யுங்கள். கொடியில் போட்டுப் பொல்லால் விளாசினால் முடிச்சுகள் தளரும். ஈர்க்கு விளக்குமாறு வேண்டாம். மென்மையான தூரிகையால் இழை படுத்திருக்கும் பக்கமாகவே தடவிவிடுங்கள்.

சுஜூது செய்யும் இடமும் கால் வைக்கும் இடமும்தான் முதலில் தேயும். மாதம் ஒரு முறை தலைமாடு கால்மாடு மாற்றிப் போட்டால் தேய்வு பகிர்ந்துபோகும். மிஹ்ராப் உருவம் போட்ட முஸல்லாவானால் வீட்டிலுள்ள மற்றதோடு மாற்றி மாற்றிப் பாவியுங்கள்.

யன்னல் வெயில் நேரே விழும் இடத்தில் விரித்தே வைக்காதீர்கள். லண்டன் விக்டோரியா அன்ட் அல்பர்ட் நூதனசாலையில் 1539–40 அளவில் ஈரானில் நெய்து முடித்த புகழ்பெற்ற அர்தபீல் கம்பளம் இருக்கிறது. அதன் சாயம் மங்காதிருக்க, அரை மணித்தியாலத்துக்கு ஒரு தடவை பத்து நிமிடம் மட்டுமே விளக்கைப் போடுகிறார்கள். ஐந்நூறு வருடக் கம்பளத்தை அவர்கள் வெளிச்சத்திலிருந்தே காக்கிறார்கள் என்றால், நம்மூர் வெயில் என்ன செய்யும் என்று யோசியுங்கள்.

கழுவும் முறை

நாளாந்தம் தொழும் முஸல்லாவுக்கு ஆண்டுக்கு ஒரு முறை கழுவல் போதும். மூன்றடி ஐந்தடிக்கு மேற்பட்ட பெரிய கம்பளங்கள், மிகப் பழையவை, பட்டு இழை கலந்தவை ஆகியவற்றை வீட்டில் கழுவ முயல வேண்டாம்.

1. முதலில் மேலே சொன்னபடி மணல் போகத் தட்டுங்கள். மணலோடு நனைத்தால் அது சேறாகிவிடும்.

2. சாயச் சோதனை செய்யுங்கள். வெள்ளைத் துணியை ஷாம்பு நீரில் நனைத்து, ஒவ்வொரு நிறத்தின் மேலும் ஒரு நிமிடம் அழுத்திப் பாருங்கள். துணியில் நிறம் ஏறினால் கழுவும் எண்ணத்தை அத்தோடு விட்டுவிடுங்கள்.

3. கிணற்றடிச் சீமெந்துத் தரையை நன்றாகக் கழுவி, நீர் வழிந்தோடும் சரிவில் கம்பளத்தை விரியுங்கள். வாளியில் ஊற வைக்கக் கூடாது.

4. ஒரு வாளி பச்சைத் தண்ணீரில் இரண்டு மேசைக்கரண்டி ஷாம்புவைக் கலக்கி, மெல்லிய துணியால் அல்லது ஸ்பொஞ்சால் இழையின் போக்கிலேயே தடவுங்கள். வட்டமாகத் தேய்க்க வேண்டாம். அரை மணித்தியாலத்துக்குள் வேலையை முடியுங்கள்.

5. வழியும் நீர் தெளிவாக வரும்வரை ஊற்றி அலசுங்கள். கடைசியாக ஒரு வாளித் தண்ணீரில் கால் கோப்பை வெள்ளை வினாகிரி கலந்து ஊற்றுங்கள். மிஞ்சிய காரத்தன்மையை அது போக்கும், நிறமும் பளிச்சிடும். அதன் பின் ஒரு தடவை நல்ல தண்ணீர்.

6. முறுக்கிப் பிழியாதீர்கள். உள்ளங்கையால் அழுத்தி நீரை ஒரு பக்கமாக வழியவிட்டு, பழைய துவாய்களோடு சேர்த்துச் சுருட்டி அமத்துங்கள்.

7. கொடியில் தொங்கவிட்டால் நீரின் பாரத்தில் உருவம் இழுபடும். இரண்டு வாங்குகளுக்கு மேல் ஏணியைக் கிடத்தி, அதன்மேல் சுத்தமான சாக்கு விரித்து, நிழலில் காற்றுப்படப் பரப்புங்கள். சில மணித்தியாலத்துக்கு ஒரு முறை திருப்பிப் போடுங்கள். இழைகளை விலக்கி அடியில் விரலை வைத்துப் பார்த்து, ஈரம் துளியுமில்லை என்று உறுதியான பிறகே வீட்டுக்குள் எடுங்கள்.

கறைகள்

எந்தக் கறைக்கும் முதல் விதி: தேய்க்காதீர்கள், ஒற்றியெடுங்கள். வெள்ளைப் பருத்தித் துணியால் கறையின் வெளிவிளிம்பிலிருந்து நடுவை நோக்கி ஒற்றுங்கள்.

தேத்தண்ணி, சர்பத், நோன்புக் கஞ்சி: உடனே ஒற்றியெடுத்து, குளிர்ந்த நீரால் நனைத்து மறுபடி ஒற்றுங்கள். நிறம் மிஞ்சினால் ஒரு பங்கு வினாகிரிக்கு இரண்டு பங்கு நீர் கலந்து ஒற்றுங்கள்.

எண்ணெய், அத்தர்: சோளமாவைத் தூவி இரவு முழுவதும் விட்டு, காலையில் தூரிகையால் தட்டுங்கள்.

மெழுகு: ஐஸ் கட்டி வைத்து இறுகச் செய்து, விரலால் உடைத்து எடுங்கள்.

இரத்தம்: குளிர்ந்த நீர் மட்டுமே. சூடு பட்டால் கறை உறைந்துவிடும்.

சாம்பிராணிப் பொறி: கம்பளி இலேசில் தீப்பற்றி எரியாது, கருகி நின்றுவிடும். கருகிய நுனியை மட்டும் சிறு கத்தரிக்கோலால் நறுக்குங்கள்.

மருதோன்றி: இதற்குத்தான் மருந்தில்லை! மருதோன்றிச் சாயம் கெரட்டினைப் பற்றிப் பிடிப்பது. கையிலும் முடியிலும் அது நிற்பது அதனால்தான். கம்பளியிலும் அப்படியே நின்றுவிடும். பெருநாள் இரவில் மருதோன்றி போடும் பிள்ளைகளை ஓலைப்பாயில் உட்கார வையுங்கள்.

நஜீஸ் பட்டால்?

பல முஸல்லாக்கள் பாழாவது இந்தப் பதற்றத்தில்தான். மார்க்கம் இலேசாக வைத்ததை நாம் பாரமாக்கிக்கொள்கிறோம். நம் நாட்டில் பெரும்பாலோர் பின்பற்றும் ஷாபிஈ மத்ஹபின்படி, அசுத்தம் பட்ட இடத்தை மட்டும் சுத்தம் செய்தால் போதும். முழு விரிப்பையும் கழுவத் தேவையில்லை. அசுத்தத்தை ஒற்றியெடுத்த பின், அந்த இடத்தின்மேல் தண்ணீரை ஊற்றி ஓடச் செய்ய வேண்டும். முயன்றும் நிறமோ வாடையோ ஒன்று மட்டும் போகாமல் நின்றால் அது மன்னிக்கப்படும். இரண்டு வயது நிரம்பாத, பாலன்றி வேறு உணவு உண்ணாத ஆண் குழந்தையின் சிறுநீருக்கு, பட்ட இடமெல்லாம் நனையும்படி தண்ணீர் தெளித்தாலே போதும். பெண் குழந்தையானால் கழுவ வேண்டும். ஐயமிருந்தால் உங்கள் ஊர் ஆலிமிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

இது கம்பளிக்கும் ஏற்ற முறை என்பதைக் கவனித்தீர்களா? துவாயால் ஒற்றியெடுங்கள். அந்த மூலையை ஒரு தாச்சிக்கு மேல் உயர்த்திப் பிடித்துக் குளிர்ந்த நீரை ஊற்றி வழியவிடுங்கள். அமத்தி நீரெடுத்துக் காற்றில் காயவிடுங்கள். தாமதிக்க மட்டும் கூடாது. சிறுநீர் ஊறி நின்றால் சாயத்தைக் கெடுக்கும்.

எடுத்து வைப்பது எப்படி?

கம்பளியைத் தின்பது பறக்கும் அந்துப்பூச்சியல்ல, அதன் புழுக்கள். சிறு வண்டொன்றின் புழுக்களும் தின்னும். இருட்டும், அசையாத இடமும், அழுக்குமே அவற்றுக்குப் பிடித்தவை. அலுமாரிக்கு மேலே வருடக்கணக்கில் கிடக்கும் பொலித்தீன் பொதி அவற்றுக்கு விருந்து மண்டபம்! பொலித்தீனுக்குள் ஈரம் வியர்த்துப் பூஞ்சணமும் பிடிக்கும்.

வைக்கத்தான் வேண்டுமென்றால், தட்டிச் சுத்தமாக்கி, மடிக்காமல் சுருட்டி, பழைய பருத்திச் சேலையில் சுற்றுங்கள். கறையானுக்குப் பயந்து தரையில் வைக்காமல் பலகை மேல் வையுங்கள். காய்ந்த வேப்பிலையைத் துணியில் முடிந்து வைக்கலாம். ஆனால் அதை நம்பி இருந்துவிடாதீர்கள். மாதம் ஒரு முறை விரித்துக் காற்றாட விடுவதே பெரிய காவல். பூச்சி உருண்டை போடுகிறவர்கள் கைக்குழந்தை இருக்கும் அறையில் போட வேண்டாம். ஒருவகைப் பிறவி நொதிக் குறைபாடுள்ள குழந்தைகளுக்கு அதன் நெடி இரத்தச் சோகையையே உண்டாக்கும். புழு கண்ட சிறு முஸல்லாவை இறுக்கமான உறையிலிட்டு, ஆழ்குளிர்ப் பெட்டியில் ஒரு வாரத்துக்கு மேல் வைத்தால் முட்டையும் புழுவும் சாகும். உறையிலிருந்து எடுக்கும் முன் அறைச் சூட்டுக்கு வரவிடுங்கள்.

எல்லாவற்றிலும் நல்ல வழி ஒன்றுண்டு. அதை இறக்கி விரித்துத் தொழுங்கள். ஐந்து வேளையும் விரித்துச் சுருட்டும் முஸல்லாவில் அந்துப்பூச்சி குடியிருக்காது. சீமெந்துத் தரையில் மாரிகால ஈரம் ஏறாமலிருக்க, கீழே நம்மூர்ப் பனையோலைப் பாய் ஒன்றைப் போட்டுக்கொள்ளுங்கள்.

நபி (ஸல்) அவர்களை ஒரு மூதாட்டி விருந்துக்கு அழைத்த செய்தி புகாரியிலும் முஸ்லிமிலும் வருகிறது. உணவருந்திய பின் நபியவர்கள் அந்த வீட்டாருக்குத் தொழுவிக்க எழுந்தார்கள். நெடுநாள் பாவித்துக் கறுத்துப்போன பாய் ஒன்றைத்தான் அனஸ் (ரலி) எடுத்துத் தண்ணீர் தெளித்து விரித்தார்கள். அதன்மேல்தான் அந்தத் தொழுகை நடந்தது. எடுத்து வைத்த புதுப்பாய் அல்ல. பாவித்துப் பழகிய பாய்!

அன்றொரு நாள் நம் உம்மம்மாமாரின் பெட்டகங்களோடு போனவை திரும்பி வரப்போவதில்லை. உங்கள் முஸல்லாவை உங்கள் பேத்தி விரித்து, "இது எங்கட உம்மம்மா தொழுதது" என்று சொல்ல வேண்டும். அந்த முஸல்லாவைத் தட்டவும் ஒற்றவும் நிழலில் காயவிடவும் இன்றே உங்கள் மகளுக்குக் காட்டிக்கொடுங்கள். பொருளோடு அதைக் காக்கும் பழக்கமும் சேர்ந்து போகட்டும், இன்ஷா அல்லாஹ்.